யந்திரத்தின் பெயரும் தொழிலின் பெயரும்

ஒரு பெரிய கம்ப்யூட்டரை மென்பொருளின் உதவியால் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று செயலியும் நினைவகமும் வட்டும் உடைய தனி யந்திரம் போலவே நடந்துகொள்ளும்படி செய்து, அவற்றை மாத வாடகைக்கு விடும் ஏற்பாட்டைத்தான் வி.பி.எஸ். என்கிறார்கள். பணம் செலுத்திய சில நிமிஷங்களில் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ உள்ள தரவு மையம் ஒன்றில் நமக்கென்று ஒரு சர்வர் இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதன் ஐபி முகவரியும் கடவுச்சொல்லும் நம்மிடம் வந்து சேருகின்றன. அவற்றோடு ஒரு பெயரும் வருகிறது. வாடகைக்கு விட்ட நிறுவனம் தன் கணக்கு வசதிக்காகச் சூட்டிய, எழுத்தும் எண்ணும் கலந்த, நாவில் நில்லாத பெயர் அது. பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு பலர், விண்ணப்பப் படிவத்தில் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டத்தைக் கண்டவுடன், நடத்தப்போகும் வலைத்தளத்தின் பெயரையே அதில் நிரப்பிவிடுகிறார்கள். இரண்டுமே உசிதமான காரியங்கள் அல்ல என்பதும், இரண்டாவது முதலாவதைக் காட்டிலும் அதிகத் தொல்லை விளைவிக்கும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இன்டர்நெட்டில் ஓடும் தரவுப் பொட்டலங்களின் தலைப்பில் பெயர் எதுவும் இருப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அனுப்பும் யந்திரத்தின் எண், பெறும் யந்திரத்தின் எண் ஆகிய இரண்டையும் பார்த்தே வழியிலுள்ள ரௌட்டர்கள் அவற்றை அடுத்த கட்டத்துக்கு அனுப்புகின்றன. லினக்ஸ் கர்னலைப் பொறுத்தமட்டில் ஹோஸ்ட்நேம் என்பது, அது தன் நினைவில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டிருக்கும், 64 எழுத்துக்கு மேற்படாத ஒரு சிறு சொல்லே. உள்ளே ஓடும் நிரல் ஏதேனும் ‘இந்த யந்திரத்தின் பெயர் என்ன?’ என்று கேட்டால் அதை அப்படியே எடுத்துச் சொல்லிவிடும். அந்தச் சொல்லை நாம் மாற்றினால் வெளியுலகுக்கு அது தெரியவராது. வெளியுலகில் அதே சர்வர் வேறொரு பெயரால் வழங்கப்பட்டாலும் கர்னலுக்கு அந்தச் செய்தி எட்டாது. இப்படி உள்ளும் புறமும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே, இவ்விஷயத்தில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணமாகும்.

பெயர் வைக்கும் வழக்கத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே பார்த்தால் இன்றைய விதிகளின் காரணமும் விளங்கும். இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-ஆம் ஆண்டின் இறுதியில் நான்கே நிலையங்களை இணைத்திருந்தது. எண்ணிக்கை பெருகிய பின்னர், கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தகவல் மையம், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில், பெயர்களையும் அவற்றுக்குரிய எண்களையும் ஒரே கோப்பில் தொகுத்து வைக்கும் பொறுப்பை ஏற்றது. புதிய யந்திரத்தை இணைப்பவர்கள் மையத்துக்கு எழுதித் தெரிவிக்க, மையத்தார் பட்டியலைத் திருத்தி வெளியிட, மற்றவர்கள் எல்லோரும் அதன் புதுப் பிரதியைத் தத்தம் யந்திரங்களில் இறக்கிக்கொண்டார்கள். இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் சர்வரிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் இருக்கும் சிறு கோப்பு அந்தப் பட்டியலின் நேர் வாரிசாகும். ஒரே அலுவலகம் உலகத்துக்கெல்லாம் பெயர்ப் பதிவு செய்வது நெடுநாள் நடக்கக்கூடியதன்று என்பதை உணர்ந்து, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் பணியாற்றிய பால் மொகாபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டு டிஎன்எஸ் என்ற முறையை வகுத்தார். பெயரைப் புள்ளிகளால் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்புறமுள்ள பகுதியை நிர்வகிக்கும் அதிகாரத்தை வலப்புறத்துக்கு உரியவர் வேறொருவருக்கு ஒப்படைக்கலாம் என்ற ஏற்பாடே அதன் உயிர்நிலை. ஒரு டொமைனை நாம் பதிவு செய்துகொண்டால், அதற்கு இடப்பக்கத்தில் எந்தப் பெயரை வைப்பதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பட்டியல் மறைந்தாலும் பட்டியலின் கட்டுப்பாடுகள் மறையவில்லை. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 952 என்ற ஆவணம், ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, பகுதிகளைப் பிரிக்கும் புள்ளி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் பெயரில் வரலாகாது என்றும், முதல் குறி எழுத்தாகவே இருக்க வேண்டும் என்றும், மொத்தம் 24 குறிகளுக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. 1989-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1123, எண்ணில் தொடங்கும் பெயரையும் அனுமதித்து, நீளத்தின் வரம்பையும் தளர்த்தியது. இன்று புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 குறிகள் வரை நீளலாம். இடைக்கோடு பகுதியின் தொடக்கத்திலோ முடிவிலோ வரலாகாது. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதமில்லை. அடிக்கோட்டுக்கு மட்டும் இன்றளவும் இடம் கிடையாது. மின்னஞ்சல் பாதுகாப்புக்கான டிமார்க் போன்ற பதிவுகளின் பெயர்கள் அடிக்கோட்டில் தொடங்குவதற்கும் இதுவே காரணம்: யந்திரத்தின் பெயரில் அக்குறி வர இயலாதாகையால், அவை எந்த யந்திரத்தின் பெயரோடும் மோதிக்கொள்ள வழியில்லை.

இவ்விதிகளுக்குள் அடங்கும் பெயர்களிலும் நல்லது எது, தீயது எது என்று ஆராய்ந்தவர்களில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர், அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த டான் லிபெஸ். 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1178, கம்ப்யூட்டருக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டுமே பேசும் சிறு ஆவணம். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அதன் பிரயோஜனம் குன்றவில்லை. ஒரு யந்திரத்துக்கு ‘அப்’ என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு ‘அப் டௌனாகிவிட்டதா?’ என்று கேட்கும்படி ஆன கதையை அதில் அவர் சொல்லுகிறார். நடைமுறையில் அடிக்கடி வழங்கும் சொல்லை யந்திரத்துக்குச் சூட்டலாகாது, சொந்தப் பெயரைச் சூட்டலாகாது, பலவிதமாக எழுதக்கூடிய சொல் ஆகாது, நீண்ட பெயர் ஆகாது என்று எச்சரித்துவிட்டு, மலர்கள், நிறங்கள் போன்று ஏதேனும் ஓர் இனத்தைத் தேர்ந்துகொண்டு அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்களை எடுப்பது நலம் என்கிறார்.

பலவிதமாக எழுதக்கூடிய சொல் ஆகாது என்ற எச்சரிக்கை தமிழர்களாகிய நமக்கு விசேஷமாகப் பொருந்தும். தமிழ்ப் பெயரைச் சர்வருக்குச் சூட்ட விரும்பினால் அதை ஆங்கில எழுத்தில்தான் எழுதியாக வேண்டும். தாழம்பூவை எழுதச் சொன்னால் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள், நள்ளிரவில் பழுதுபார்க்க வந்தவர் ஐந்தாவது விதமாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சர்வர் காணோம் என்பார். மயில் அழகான பெயர்தான். ஆனால் மயில் சர்வரும் மெயில் சர்வரும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் தொலைபேசியில் அவற்றை வேறு பிரித்துச் சொல்வது துர்லபம். புன்னை, வன்னி, பனை போன்ற மரப் பெயர்களில் இந்தச் சங்கடம் இல்லை: குட்டையானவை, எழுதுவதில் ஐயத்துக்கு இடம் தராதவை, சர்வர் வேலையில் வேறெங்கும் வழங்காதவை. தமிழிலேயே எழுதிப் பார்க்கும் ஆசையுள்ளவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. லினக்ஸில் சிஸ்டம்டி என்னும் நிர்வாக மென்பொருள், யந்திரம் வழங்கும் பெயரோடு, மனிதர் படிப்பதற்கென்று இன்னொரு பெயரையும் பதிவு செய்ய இடம் தருகிறது. அதில் தமிழ் எழுத்தும் வரலாம், சொற்களுக்கிடையே வெற்றிடமும் வரலாம். டொமைன்களில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற மூன்று தமிழ் முடிவுகள் நடைமுறையில் உள்ளன. எனினும் அவை வலையில் செல்லும்போது, 2003-இல் வகுக்கப்பட்ட பியூனிகோட் என்ற முறைப்படி ஆங்கிலக் குறிகளாக உருமாறியே செல்லுகின்றன. ஆகையால் ஹோஸ்ட்நேமை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது விவேகம்.

லிபெஸின் யோசனைகளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஒரு திட்டத்துக்காக வாங்கிய யந்திரத்துக்கு அந்தத் திட்டத்தின் பெயரையே வைக்கலாகாது என்கிறார் அவர். திட்டம் முடிந்து யந்திரம் வேறு பணிக்குப் போகும்போது பெயர் பொய்யாகிவிடும், அல்லது திட்டம் வளர்ந்து வேறு யந்திரத்துக்கு மாறும்போது பெயரைப் பிடுங்கி நட வேண்டிவரும். இதை இன்னும் சற்று விரித்துச் சொன்னால், யந்திரத்துக்கு ஒரு பெயரும் அது செய்யும் தொழிலுக்கு வேறொரு பெயரும் இருக்க வேண்டும் என்றாகிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைச் சர்வரை இயக்கியது ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில். அதன் பெயர் என்எக்ஸ்ஓசி01. எவருடைய வாயிலும் நுழையாத அந்தப் பெயரோடு, ‘இன்ஃபோ’ என்ற தொழிற்பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. அந்தக் கம்ப்யூட்டர் ஓய்வு பெற்றுக் காட்சிப்பொருளாகிவிட்டது, இன்ஃபோ.செர்ன்.சிஎச் என்ற முகவரியோ இன்றும் உயிரோடிருந்து, முதல் வலைப்பக்கத்தின் பிரதியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் எந்த யந்திரத்தோடும் கட்டுண்டு கிடக்கவில்லையாகையால், அதன் பின்னால் யந்திரங்கள் மாறியபோது அதற்குப் பங்கம் ஒன்றும் நேரவில்லை. 1997-ஆம் ஆண்டு ஜனவரியில் எச்டிடிபி 1.1 வந்த பின்னர் இந்தப் பிரிவினை இன்னும் வசதியாயிற்று. உலாவி தான் நாடி வந்த தளத்தின் பெயரைக் கோரிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்று அது விதித்தபடியால், ஒரே சர்வர் ஒரே ஐபி எண்ணில் நூறு தளங்களையும் நடத்தலாம். நூறு தளங்கள் நடத்தும் யந்திரத்துக்கு அவற்றுள் ஒன்றின் பெயரை மட்டும் சூட்டுவது எவ்வகையில் நியாயம்?

நியாயம் ஒருபுறமிருக்க, அதனால் நேரும் நஷ்டமும் உண்டு. நம் டொமைன் எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணங்களுக்கென்றே 1999-இல் ஒதுக்கி வைக்கப்பட்ட பெயராகையால் எவரையும் சுட்டாது. வலைத்தளத்துக்காக ஒரு சர்வரை எடுத்து அதற்கு எக்ஸாம்பிள்.காம் என்றே ஹோஸ்ட்நேம் வைத்துவிட்டு, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளையும் நிறுவுகிறோம். நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிகளோ வேறொரு சேவையிடம் இருக்கின்றன. இப்போது தளத்தின் தொடர்புப் படிவத்தில் ஒரு வாடிக்கையாளர் எழுதிய செய்தியைச் சர்வர் நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்ப முயலுகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் கர்னலிடம் யந்திரத்தின் பெயரைக் கேட்கிறது, எக்ஸாம்பிள்.காம் என்று பதில் வருகிறது. அந்தப் பெயருக்கு வரும் தபால் எல்லாம் தன் யந்திரத்துக்குள்ளேயே பட்டுவாடா ஆக வேண்டியது என்பது அதன் இயல்பான அமைப்பு. ஆகவே கடிதத்தை வெளியே அனுப்பாமல் உள்ளேயே அந்தப் பயனரைத் தேடி, அப்படி ஒருவரும் இல்லை என்று திருப்பிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் தபாலெல்லாம் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டிருக்க, சொந்தத் தளத்தின் வழியாக வருபவை மட்டும் மாயமாக மறைகின்றன. காரணம் தெரியாதவர்கள் அஞ்சல் சேவையைக் குறைகூறிக்கொண்டு வாரக்கணக்கில் அலைவார்கள், புன்னை.எக்ஸாம்பிள்.காம் என்று பெயரிட்டிருந்தால் இது நேர்ந்தே இராது.

மற்றொரு தீங்கும் அதே பெயரால் விளையும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கட்டளை எழுதும் வரியின் முகப்பு, ஹோஸ்ட்நேமில் முதற்புள்ளி வரை உள்ள பகுதியை மட்டுமே காட்டுகிறது. ‘ரூட்@புன்னை’ என்று ஒரு சாளரத்திலும் ‘ரூட்@வன்னி’ என்று மற்றொரு சாளரத்திலும் தெரியும்போது, எதை அழிக்கப்போகிறோம், எதை மறுதொடக்கம் செய்யப்போகிறோம் என்பது கண்ணுக்கு நேரே இருக்கிறது. இரண்டிலும் ‘ரூட்@எக்ஸாம்பிள்’ என்றே தெரிந்தால் அந்தக் காவல் அகன்றுவிடுகிறது.

சரியான பெயரை முதல் நாளிலேயே வைத்துவிடுவது மிகவும் அவசியம். பிற்பாடு மாற்றுவது ஒரே கட்டளையில் முடிவதாகத் தோன்றினாலும், பழைய பெயர் அதற்குள் பல இடங்களில் வேரோடியிருக்கும். ராபிட்எம்க்யூ என்ற செய்தி வரிசை மென்பொருள் தன் தரவுகளை வைக்கும் அடைவின் பெயரிலேயே ஹோஸ்ட்நேமைச் சேர்த்துக்கொள்கிறது. பெயரை மாற்றிவிட்டு அதை மீண்டும் இயக்கினால், புதிய பெயரில் புதிய அடைவைத் தேடி, அது காலியாக இருக்கக் கண்டு, ஒன்றுமே அறியாத புது நிறுவல் போல எழுந்து நிற்கும். பழைய தரவுகள் வட்டில் பத்திரமாகவே இருந்தும் வரிசைகள் அழிந்துபோனதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும்.

பெயரை அமர்த்தும் முறை இது. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ என்ற கட்டளையால் புன்னை என்ற குறும்பெயரை அமைத்தால், அது கர்னலிலும், இடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்நேம் என்ற கோப்பிலும் பதிகிறது. முழுப் பெயரையே அங்கே எழுதும் சம்பிரதாயமும் உண்டு. குறும்பெயரை அங்கேயும் முழுப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் வைக்கும் டெபியன் வழக்கமே எனக்கு உகந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பில், சர்வரின் நிலையான ஐபி முகவரி, அதையடுத்து முழுப் பெயர், அதையடுத்துக் குறும்பெயர் என்ற வரிசையில் ஒரு வரி எழுத வேண்டும், 203.0.113.10, புன்னை.எக்ஸாம்பிள்.காம், புன்னை என்று. வரிசை பிறழ்ந்தால் முழுப் பெயரைக் கேட்கும் நிரல்களுக்குக் குறும்பெயரே கிடைக்கும். வரியே இல்லாவிட்டால் ‘சூடோ’ என்ற கட்டளை ஒவ்வொரு முறையும் பெயரைக் கண்டறிய இயலவில்லை என்று முறையிடும். பிறகு சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பது இன்றியமையாதது. பல நிறுவனங்களின் சர்வர்களில் கிளவுட்-இனிட் என்ற நிரல், ஒவ்வொரு தொடக்கத்திலும் நிறுவனம் கொடுத்த பழைய பெயரை மீண்டும் எழுதிவிடும். அதன் அமைப்புக் கோப்பில், பெயரைக் காப்பாற்றுக என்ற பொருளுடைய ‘ப்ரிசர்வ் ஹோஸ்ட்நேம்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றினால்தான் நம் பெயர் நிலைக்கும்.

உள்ளே பெயர் நிலைத்த பின்னர், டிஎன்எஸ்ஸில் புன்னை.எக்ஸாம்பிள்.காம் என்பதற்கு அந்த எண்ணைக் காட்டும் ‘ஏ’ பதிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சொந்த டொமைன் இல்லாமல் அகவலையில் மட்டும் பெயர் வேண்டுபவர்கள், கற்பனையாக எதையாவது முடிவாகச் சேர்ப்பதை விட்டு, 2024-இல் ஐகேன் ஸ்தாபனம் தனியார் உபயோகத்துக்கென்று ஒதுக்கிய ‘இன்டர்னல்’ என்பதைக் கைக்கொள்ளலாம். ‘டெவ்’ என்ற முடிவைப் பலர் தம் பரிசோதனை யந்திரங்களுக்குச் சூட்டியிருந்த காலத்தில் அதைக் கூகுள் உண்மையான டொமைனாகவே பெற்று, 2017-இல் குரோம் உலாவி அதன்கீழ் உள்ளவற்றுக்கு மறைகுறியாக்கத்தைக் கட்டாயமாக்கிவிட்டபடியால், அவர்களுடைய தளங்கள் ஒரே நாளில் திறவாமற்போயின.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் வழி இவ்வாறு அமைகிறது. எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பும் வழி வேறொருவர் கையில் இருக்கிறது; புதியவர்கள் மிகவும் திகைப்பது இங்கேதான். கடிதத்தின் மேல் எழுதும் விலாசம் வீட்டில் தொடங்கி ஊரில் முடிவது போல டொமைன் பெயர் சிறியதிலிருந்து பெரியதுக்குச் செல்லுகிறது. ஐபி எண்ணோ வலப்புறம் போகப்போகக் குறுகிக்கொண்டே வருகிறது. இரண்டையும் ஒரே முறையில் அடக்குவதற்காக, 203.0.113.10 என்ற எண்ணைத் திருப்பி, 10.113.0.203 என்று எழுதி, அதன் பின் ‘இன்-அட்ர்.ஆர்ப்பா’ என்ற முடிவைச் சேர்த்து ஒரு பெயராக ஆக்கினார்கள். ஆர்ப்பாநெட்டின் பெயர் இன்றும் உயிரோடு வழங்கும் இடம் அது. அந்தப் பெயருக்குரிய ‘பிடிஆர்’ பதிவை எழுதும் அதிகாரம், எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஏப்நிக் போன்ற பிராந்திய அமைப்புகளிடமிருந்து, எண்களைப் பெற்ற வாடகை நிறுவனத்துக்கே வந்து சேருகிறது. டொமைன் நம்முடையது, எண் அவர்களுடையது. ஆகையால் பிடிஆர் பதிவை நம் டொமைன் நிர்வாகத்தில் தேடிப் பயனில்லை. வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில்தான் அதை எழுத வேண்டும். ஏ பதிவை முதலில் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் அது இல்லாமல் பிடிஆரை ஏற்காத நிறுவனங்கள் உண்டு. ஐபிவி6 முகவரியும் இருக்குமானால் அதற்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

இருவழியும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதற்கு மின்னஞ்சல் உலகில் பெருமதிப்பு இருக்கிறது. கடிதத்தைக் கொண்டுவரும் சர்வர், உரையாடலின் தொடக்கத்திலேயே தன் முழுப் பெயரைச் சொல்லுகிறது. பெறும் சர்வர் அதன் எண்ணைத் திருப்பிப் பெயரைக் கண்டு, அந்தப் பெயரை மீண்டும் எண்ணாக்கிப் பார்த்து, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று சோதிக்கிறது. டொமைனுக்கு உரியவரும் எண்ணுக்கு உரியவரும் ஒப்புக்கொண்டாலன்றி இந்த ஒற்றுமை ஏற்படாதாகையால், எவனோ ஒருவன் களவாடிய கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் தபாலை வேறுபடுத்த இது ஓரளவு உதவுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்குத் தபால் அனுப்பும் அனைவருக்கும் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது.

தொழிற்பெயர்களைப் பற்றி இன்னும் ஓரிரண்டு சொல்ல வேண்டும். வலைத்தளத்துக்கும் மற்றச் சேவைகளுக்கும் உரிய பெயர்களை, ‘சிநேம்’ பதிவின் மூலம் புன்னையைச் சுட்டும்படி அமைக்கலாம். முன்னொட்டில்லாத வெறும் டொமைனுக்கு மட்டும் சிநேம் வைக்க விதி இடம் தராது. தபாலைப் பெறும் சர்வரைக் குறிக்கும் ‘எம்எக்ஸ்’ பதிவும், சிநேம் ஒன்றைச் சுட்டாமல் யந்திரத்தின் நேர்ப் பெயரையே சுட்ட வேண்டும். சம்பளக் கணக்கு, தரவுக் காப்பு என்று தொழிலைப் பறைசாற்றும் பெயர்களை வெளியில் வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றவுடன் அந்தப் பெயர் எவரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. 2013-இல் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டது என்றாலும், எதைத் தாக்கலாம் என்று தேடுபவர்களும் அதே பதிவேட்டைத்தான் புரட்டுகிறார்கள். புன்னை என்ற பெயர் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது.

சர்வரைக் கைவிடும் நாளில் செய்ய வேண்டியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய சர்வருக்கு வன்னி என்று பெயரிட்டு, அதைச் சோதித்து முடித்து, மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுட்காலத்தை 86,400 விநாடியிலிருந்து 300 விநாடிக்குக் குறைத்துவிட்டால், தொழிற்பெயர்களைப் புன்னையிலிருந்து வன்னிக்குத் திருப்பிய ஐந்து நிமிஷத்துக்குள் பெரும்பாலான வாசகர்கள் புதிய யந்திரத்துக்கு வந்துவிடுவார்கள். அதன் பிறகு புன்னையின் பிடிஆரை அகற்றி, ஏ பதிவையும் அழித்துவிட்டே வாடகையை நிறுத்த வேண்டும். விட்ட எண்ணை நிறுவனம் விரைவிலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய ஏ பதிவு மட்டும் எஞ்சியிருந்தால், முன்பின் அறியாத அந்த வாடகைக்காரர் நம் டொமைனின் கீழுள்ள பெயருக்குத் தம் சர்வரிலிருந்தே முறையான சான்றிதழ் பெற்று, அந்தப் பெயரில் தளம் நடத்த முடியும்.